பாக்கிப் பணத்துக்காக மொத்த உரிமையையும் எழுதிக் கொடுக்கலாமா?

எட்டு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் ஸ்டோரிபோர்டு ஓவியராக, அதாவது படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளை ஷாட் ஷாட்டாக வரைந்து தருபவராக, இருக்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படம் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வேறொரு நாட்டில் உள்ள தயாரிப்பு நிறுவனத்தின் ஆக்‌ஷன் படம். மூன்று சண்டைக் காட்சிகளுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்து தர வேண்டும் என்று மெசேஜிலேயே பேசி, மொத்தமாக ஒரு தொகை முடிவானது. சம்பளத்துக்கு ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஆனால் கதையை வெளியே சொல்லமாட்டேன் என்கிற ரகசியக்காப்புப் பத்திரத்தில் மட்டும் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸாக வந்தது. இவர் வரைந்து அனுப்பினார். இரண்டாவது சண்டை மொட்டை மாடியிலிருந்து படகுத்துறைக்கு மாறியது, திரும்ப வரைந்தார். அப்புறம் ஒரு வில்லன் இரண்டு வில்லன் ஆனான். இன்னொரு முறை வரைந்தார். கடைசி ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகு, "படம் இப்போதைக்கு நிற்கிறது, ஃபைனான்ஸ் வந்ததும் பேலன்ஸ் தருகிறோம்" என்று பதில் வந்தது. சில மாதம் கழித்து, படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்ற செய்தியோடு ஒரு மேக்கிங் வீடியோவும் வெளியானது. அதில் இயக்குநரின் மேசைமேல் இருக்கும் ஸ்டோரிபோர்டில் வேறொருவர் பெயர். கோடு வேறு, ஃப்ரேம்கள் இவருடையவை. இவர் கேட்டதும், லைன் புரொடியூசர் (படத்தின் அன்றாடச் செலவையும் வேலைகளையும் கவனிப்பவர்) நான்கு பக்க 'ரிலீஸ்' பத்திரம் ஒன்றை, அதாவது வரைந்ததன் உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை, அனுப்பி, கையெழுத்துப் போட்டால் பேலன்ஸ் முழுவதும் வந்துவிடும் என்கிறார்.

"காகிதத்தில் ஒப்பந்தம் இல்லாத நான் எதையாவது கேட்க முடியுமா? மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள், அப்படியானால் வரைந்த படங்கள் இன்னும் என்னுடையவைதானே, அந்தத் திரைப்படத்தையே நிறுத்த முடியாதா? அவர்களாகவே பணம் தருகிறேன் என்கிறார்கள், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா? அல்லது இரண்டு ஸ்டோரிபோர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சமூக வலைதளத்தில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள ஓவியருக்கு,

கடிதத்தின் கடைசியில் "அவர்கள் இரக்கப்பட்டுப் பணம் தரும்போது நான் சட்டம் பேசினால் அதுவும் போய்விடுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்கு வருகிறேன். அது இரக்கம் இல்லை. முடிந்த படத்தை வாங்கும் விநியோக நிறுவனமும் ஓடிடி தளமும், படத்துக்குள் போன ஒவ்வொரு படைப்பின் உரிமையும் தயாரிப்பாளர் கைக்கு எப்படி வந்தது என்று பத்திரம் பத்திரமாகக் கேட்பார்கள். உரிமைத் தகராறுக்கு எதிராக எடுக்கும் காப்பீட்டுக்கும் இதே பத்திரங்கள் வேண்டும். கதை, வசனம், இசை, உடை வடிவமைப்பு என்று அடுக்கிக்கொண்டு போகும்போது 'ஸ்டோரிபோர்டு' என்ற வரியில் அவர்களிடம் உங்கள் கையெழுத்து இல்லை. மாதக்கணக்கில் பதில் போடாதவர்கள் நான்கு பக்கம் டைப் செய்து அனுப்பியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆக, இப்போது உங்களுக்குப் பணம் எவ்வளவு தேவையோ, அவர்களுக்கு உங்கள் கையெழுத்து அவ்வளவு தேவை. படம் விற்று முடிந்த பிறகு இந்த நிலைமை இருக்காது. இந்தப் பதில் முழுவதையும் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

காகிதம் இல்லை என்றால் ஒப்பந்தமே இல்லையா?

இருக்கிறது. என்ன வேலை, எவ்வளவு தொகை என்று அவர்கள் கேட்டு, நீங்கள் ஒப்புக்கொண்டு, அட்வான்ஸ் கைமாறி, வேலையும் செய்து கொடுத்தாகிவிட்டது. இந்த வகை வேலைக்கு ஒப்பந்தம் முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் சொல்வதில்லை. மெசேஜ், மின்னஞ்சல், குரல் பதிவு, பணம் வந்த வங்கிக் கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் ஒப்பந்தம். "ஃபைனான்ஸ் வந்ததும்" என்ற நிபந்தனை அந்தப் பேச்சில் எங்குமே கிடையாது. வேலையை வாங்கிக்கொண்ட பிறகு ஒரு தரப்பு மட்டும் சேர்க்கும் நிபந்தனை மறுதரப்பைக் கட்டுப்படுத்தாது. இன்னொன்று: "பேலன்ஸ் தருகிறோம்" என்று அவர்கள் எழுதியது, பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்ட வாசகம். அந்த மெசேஜைப் பத்திரப்படுத்துங்கள்.

யார் கணக்கிலிருந்து அட்வான்ஸ் வந்தது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி கம்பெனி தொடங்கி, வேலை முடிந்ததும் அதை மூடிவிடுவது திரைத்துறையில் பல நாடுகளில் உள்ள பழக்கம். உங்களிடம் பேசியது பெரிய நிறுவனத்தின் ஆளாக இருக்கலாம். பணம் போட்டது நீங்கள் கேள்வியே படாத ஒரு சின்ன கம்பெனியாக இருக்கலாம். ரிலீஸ் பத்திரத்தில் எந்தப் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ஒத்துப்பாருங்கள். இரண்டும் வேறு என்றால், பெரிய நிறுவனத்தையும் சேர்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இரண்டு முறை திரும்ப வரைந்ததற்குத் தனியாகக் கேட்கலாமா என்பதில் உங்களுக்குச் சாதகமாக மட்டும் சொல்ல முடியவில்லை. கதை நடக்கும் இடமே மாறியது திருத்தம் ஆகாது, புது வேலை. நியாயப்படி அதற்குத் தனிச் சம்பளம்தான். ஆனால் அப்போது நீங்கள் அனுப்பிய பதில், "ஓகே சார், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தருகிறேன்" என்பது மட்டும்தான். பேசிய தொகைக்குள்ளேயே செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார் என்று அவர்கள் வாதாடுவார்கள், அந்த வாதம் எடுபடவும் கூடும். இதை உரிமையாகக் கேட்காமல், பேரத்தில் வைக்கும் ஒரு கோரிக்கையாகக் கேளுங்கள்.

படத்தை நிறுத்த முடியுமா?

இந்த இடத்தில்தான் உங்கள் கணக்கு கொஞ்சம் தவறுகிறது. பதிப்புரிமை நீங்கள் வரைந்த நொடியிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை என்பது சரி. 1886-ல் உருவான, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் இது பொது விதி. நீங்கள் மாதச் சம்பள ஊழியர் இல்லை, ஃப்ரீலான்ஸ் என்பதால், எழுதிக் கொடுக்காத வரை உரிமை உங்களிடமே இருக்கிறது என்பதும் பல நாடுகளில் சரிதான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அமெரிக்காவில், திரைப்படத்துக்காக ஃப்ரீலான்ஸர் செய்த வேலையை 'கூலிக்குச் செய்த படைப்பு' என்று நிறுவனம் சொந்தம் கொண்டாட, இரு தரப்பும் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். காசு கொடுத்து வரையவைக்கும் சில வகைப் படங்களுக்குச் சில நாடுகளில் தனி விதி உண்டு. அதனால் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

உரிமை உங்களுடையதாக இருக்கட்டும். அதை வைத்துப் படத்தை நிறுத்த முடியுமா என்பது தனிக் கேள்வி. 1990-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்த்த எஃபெக்ட்ஸ் அசோசியேட்ஸ் எதிர் கோஹன் வழக்கு ஏறக்குறைய உங்கள் கதைதான். ஒரு திகில் படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் காட்சிகள் செய்து கொடுத்த நிறுவனத்துக்கு, ஒரு காட்சி பிடிக்கவில்லை என்று சொல்லி, அதற்குப் பேசியதில் பாதியைத்தான் கொடுத்தார் தயாரிப்பாளர். ஆனால் காட்சியைப் படத்தில் வைத்துக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. உரிமை மாறவில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தப் படத்தில் பயன்படுத்தத்தானே செய்து கொடுத்தீர்கள், அந்த அனுமதி செயலிலேயே அடங்கியிருக்கிறது என்றது. பதிப்புரிமை மீறல் இல்லை, மீதிப் பணத்துக்கு வேண்டுமானால் ஒப்பந்த வழக்குப் போடலாம் என்று முடித்தது.

எல்லா நாட்டு நீதிமன்றமும் இதே போல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பணத்தால் ஈடுகட்டக்கூடிய ஒரு பாக்கிக்காக, நூற்றுக்கணக்கானோர் உழைத்த படத்துக்குத் தடை போட எந்த நீதிபதியும் தயங்குவார். தடை கேட்டுத் தோற்றால் அவர்களுடைய செலவையும் சில இடங்களில் நீங்கள் தாங்க வேண்டி வரும். தடை என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. "அந்த ஷாட் என்னுடைய ஐடியா, கேமராவைப் படகுக்கு அடியில் வைத்தது நான்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த படத்துக்குத்தான் உண்டு. படகுக்கு அடியிலிருந்து பார்க்கும் கோணத்தை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். தவிர, இயக்குநர் குச்சி மனிதர்களாகக் கிறுக்கி அனுப்பிய ஷாட் பிரிப்பு உங்களிடமே இருக்கிறது என்கிறீர்கள். அந்த ஃப்ரேம்களில் அவருடைய பங்கும் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

வலது கையில் இருந்த கடிகாரம்

அப்படியானால் வேறொருவர் பெயரில் இருக்கும் அந்த ஸ்டோரிபோர்டைப் பற்றி ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. படகுத்துறைச் சண்டையில் நாயகன் கயிற்றைப் பிடிக்கும் ஃப்ரேமில் மட்டும் தவறுதலாகக் கடிகாரத்தை வலது கையில் வரைந்துவிட்டீர்கள். மற்ற எல்லா ஃப்ரேமிலும் இடது கை. மேக்கிங் வீடியோவில் தெரியும் ஸ்டோரிபோர்டிலும் அதே கயிறு, அதே வலது கை, பக்கத்து ஃப்ரேமில் இடது கை. ஒரே திரைக்கதையைப் படித்து இருவர் தனித்தனியாக வரைந்தால் கோணம் ஒத்துப்போகலாம், பிழை ஒத்துப்போகாது. நகல் எடுத்ததற்கு நீதிமன்றங்கள் வெகுகாலமாக ஏற்கும் சாட்சி இது.

அதனால் அந்த ஃபைலைத் தயவுசெய்து திறந்து திருத்திவிடாதீர்கள். லேயர்களோடு இருக்கும் மூல ஃபைலை அப்படியே இன்னொரு டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். திறந்து சேமித்தால் தேதி மாறிவிடும். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். மெசேஜ் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, தானாக மறையும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். மேக்கிங் வீடியோவை இணைய முகவரி, தேதியோடு சேமியுங்கள். நாளைக்கே அதை எடுத்துவிடலாம்.

உங்கள் ஃப்ரேம்களை வேறொருவரை வைத்துத் திரும்ப வரையவைத்தது அவர்களுக்கு இருந்த அனுமதிக்குள் அடங்கும் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் வரைந்தவர் பெயரை மாற்றிக் காட்டுவது வேறு கணக்கு. தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பெர்ன் உடன்படிக்கையில் 1928-லேயே சேர்க்கப்பட்டது. பொருளாதார உரிமையை விற்ற பிறகும் அது படைப்பாளியிடம் இருக்கும். பிரான்சில் இதை எழுதிக் கொடுக்கவே முடியாது. பிரிட்டனில் விட்டுக் கொடுக்கலாம், அதற்கும் எழுத்தில் வேண்டும். அமெரிக்காவில் உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. டைட்டிலில் பெயர் வேண்டும் என்றால் சட்டத்தைவிட இந்த ரிலீஸ் பத்திரம்தான் உங்களுக்கு உறுதியான வழி.

அந்த நான்கு பக்கத்தில் என்ன செய்வது?

கையெழுத்தே போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். இப்படியே போடாதீர்கள் என்கிறேன். நீங்கள் பயந்து அடிக்கோடு போட்டிருக்கும் "இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட, அண்டம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரி பார்க்கத்தான் பயங்கரம். திரைத்துறைப் பத்திரங்களில் சாதாரணம். ஸ்டோரிபோர்டை வைத்துக்கொண்டு தனியாக நீங்கள் செய்யப்போவது அதிகம் இல்லை. அதைக் கொடுத்துவிடலாம். நீங்கள் அடிக்கோடு போடாமல் விட்ட வரிகள்தான் எனக்குக் கவலை.

உரிமை எப்போது மாறுகிறது: பத்திரத்தில் "இதில் கையெழுத்திட்ட உடன்" என்று இருக்கிறது. "முழுத் தொகையும் ஓவியரின் கணக்கில் வந்து சேர்ந்த உடன்" என்று மாற்றச் சொல்லுங்கள். மற்றது எதற்கும் அவர்கள் இணங்காவிட்டாலும் இந்த ஒன்றில் விட்டுக் கொடுக்காதீர்கள். இப்படி இருந்தால் பணம் வராத வரை அவர்கள் கையில் செல்லுபடியாகும் பத்திரம் இல்லை.

பொறுப்பேற்பு: "எல்லாமே ஓவியரின் சொந்தப் படைப்பு, வேறு யாராவது உரிமை கோரினால் முழுச் செலவும் ஓவியருடையது" என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படகுத்துறைப் பின்னணிக்கு இணையத்தில் கிடைத்த புகைப்படங்களை வைத்து அதன்மேல் வரைந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரமில்லாதபோது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. "ஓவியர் அறிந்த வரையில்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், பொறுப்பின் உச்சவரம்பு நீங்கள் வாங்கிய சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்றும் கேளுங்கள். எந்தெந்த ஃப்ரேமில் வெளிப் புகைப்படம் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கொடுத்துவிடுங்கள்.

இயந்திரக் கற்றல்: "தானியங்கி அமைப்புகளைப் பயிற்றுவிப்பது உட்பட" என்று ஒரு அரை வரி நடுவில் ஒளிந்திருக்கிறது. உங்கள் ஃப்ரேம்களைக் கொடுத்து ஏஐ-யைப் பழக்கலாம் என்று அர்த்தம். இந்தப் படத்துக்கு அது தேவையே இல்லை. எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அதற்குத் தனித் தொகை பேசுங்கள்.

இனி கோரிக்கை இல்லை: கடைசிப் பத்தியில் "கடந்தகாலக் கோரிக்கைகள் அனைத்தையும் கைவிடுகிறேன்" என்று இருக்கிறது. திரும்ப வரைந்த வேலை, வேறொருவர் பெயர் போட்டது எல்லாம் அதோடு போய்விடும். அவர்கள் உண்மையில் வாங்க நினைப்பது இதைத்தான், அதுவும் ஏற்கெனவே தர வேண்டிய பாக்கியை மட்டும் கொடுத்து. பாக்கி உங்கள் பணம். கைவிடுவதற்கு விலை தனி: திரும்ப வரைந்ததற்கு ஒரு தொகை, டைட்டிலில் பெயர், படம் வெளியான பிறகு உங்கள் வேலையை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ள அனுமதி. மூன்றும் கிடைக்காமல் போகலாம். இரண்டு கிடைத்தாலும் நல்ல பேரம்தான். போர்ட்ஃபோலியோ அனுமதியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எட்டு ஆண்டு வேலையில் பாதியைக் காட்ட முடியாமல் ரகசியக்காப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அடுத்த வேலையைக் கொண்டுவருவது அதுதான்.

தகராறு வந்தால் அவர்கள் ஊர் நீதிமன்றம் என்று இருப்பதை, இணையவழி மத்தியஸ்தத் தீர்ப்பாயம் (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஏற்ற நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை) என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். 1958 நியூயார்க் உடன்படிக்கையால், மத்தியஸ்தத் தீர்ப்பை வேறு நாட்டில் நிறைவேற்றுவது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதைவிடச் சுலபம். ஆனால் அதற்கும் செலவு உண்டு. உங்கள் பாக்கித் தொகைக்கு அது கட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சமூக வலைதளத்தில் போடலாமா?

வேண்டாம். வெளியாகாத படத்தின் ஃப்ரேம்களை நீங்கள் காட்டிய நிமிடமே ரகசியக்காப்புப் பத்திரத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். இதுவரை அவர்கள் பக்கம் இருந்த தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். "திருட்டு" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கும் இடம். அந்த இன்னொரு ஓவியரையும் நினைத்துப் பாருங்கள். அவரும் உங்களைப் போல ஒரு ஃப்ரீலான்ஸராக இருக்கலாம். "பழைய போர்டு, இதை க்ளீன் செய்து கொடுங்கள்" என்று ஃபைலைத் தந்திருப்பார்கள். முடிந்தால் அவரிடம் சண்டைக்கு இல்லாமல் பேசுங்கள். யார், எப்போது அந்த ஃபைலைக் கொடுத்தார்கள் என்று அவர் ஒரு வரி எழுதித் தந்தால் அது கடிகாரத்தைவிடப் பெரிய சாட்சி.

அடுத்த படத்துக்கு

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரிபோர்டுக்கு மதிப்பு படப்பிடிப்பு தொடங்கும் காலை வரைதான். எடிட்டரிடம் கடைசி வரை வேலை இருக்கும், இசையமைப்பாளர் இல்லாமல் படம் வெளியே வராது. உங்கள் வேலை மட்டும் எல்லோருக்கும் முன்னால் முடிந்துவிடுகிறது, அதனால் பாக்கியும் எல்லோருக்கும் கடைசியாக வருகிறது. படம் வெளியான பிறகு தருகிறோம் என்ற பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாமல், காட்சிக்குக் காட்சி கணக்குத் தீருங்கள். முதல் சண்டைக்கான ஃப்ரேம்களைச் சிறிய அளவில், வாட்டர்மார்க்கோடு அனுப்புங்கள். அதற்கான தொகை வந்ததும் முழு அளவு ஃபைல், அப்புறம்தான் இரண்டாவது சண்டை. ஒரு காட்சிக்கு எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதையும், இடமோ கதாபாத்திரமோ மாறினால் அது புது வேலை என்பதையும் முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். படம் பாதியில் நின்றால் எவ்வளவு என்பதையும் சேர்த்தால் நல்லது. இவ்வளவும் கேட்டால் வேலையே போய்விடும் என்று தோன்றினால், காட்சிவாரிப் பணம், திருத்தச் சுற்றுக்கு வரம்பு என்ற இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். ஒரு சண்டைக் காட்சியின் சம்பளத்தைக்கூட முன்னால் தர முடியாதவர் மூன்றுக்கும் பின்னால் தரப்போவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. லைன் புரொடியூசருக்கு, மெசேஜில் இல்லாமல் மின்னஞ்சலில், இப்படி எழுதுங்கள்:

"நீங்கள் அனுப்பிய பத்திரம் கிடைத்தது. கையெழுத்திட எனக்கு விருப்பம்தான். சில வரிகளில் மாற்றம் தேவை, இணைத்திருக்கிறேன். பேசிய தொகையில் மூன்றில் இரண்டு பங்கு பாக்கி இருக்கிறது, அதற்கான இன்வாய்ஸை இத்துடன் அனுப்புகிறேன். மேக்கிங் வீடியோவில் காணப்படும் ஸ்டோரிபோர்டு குறித்தும் பேச வேண்டியிருக்கிறது. பதினான்கு நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

கடிகாரத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அது வழக்கறிஞர் நோட்டீஸில் வரட்டும். பதினான்கு நாளில் பதில் இல்லை என்றால் நோட்டீஸை அட்வான்ஸ் அனுப்பிய கம்பெனிக்கும் பெரிய நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். வழக்குப் போடும் கால வரம்பு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு என்று நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நீங்கள் அந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டாம். வெளியீட்டுத் தேதி அறிவிப்பதற்கு முன்னால் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும்.